செல்லசாமி அடித்த நம்பர்

ஸ்டோரை மூடப் போகிறார்கள் என்று அதன் பொறுப்பாளரான டீமேக்கர் வந்து சொன்னபோது, செல்லசாமி கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். "போதும் செல்லசாமி, வெளிய வாங்க. இனிமே இது ஓடாது" என்றார் டீமேக்கர். செல்லசாமி மிச்சமிருந்த இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். இனி ஓடாத மெஷினுக்கு எதற்கய்யா அந்த இரண்டு நட்டு? முப்பத்தொரு வருடம் அங்கே பிட்டராக இருந்தவர். தொட்ட வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது.

பெட்ரோலுக்கு இலங்கையே தெருவில் வரிசை நின்றதே, அதற்கு முந்திய வருடம் அது. டயகம பாதையில் இருக்கும் அந்தத் தோட்டத்துக் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கே லொறியில் ஏற்றினால் போதும் என்று கம்பனி முடிவெடுத்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள் இரும்பு விலைக்குப் போயின. செல்லசாமிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, மலையில் கொழுந்து பறிக்கும் மனைவி அம்மாக்கண்ணு, கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் வினோதா. இவ்வளவுதான் குடும்பம். சொத்து என்று எதுவும் இல்லை, காம்பராவும் கம்பனியுடையதுதான்.

மருமகன் கிஷாந்த் அந்த வாரமே போன் எடுத்தான். "மாமா, இங்க ஒரு பிளாட்ல செக்யூரிட்டி வேல இருக்கு. சும்மா கேட்டுல நிக்கிறதுதான். சாப்பாடு குடுப்பாங்க, படுக்கவும் எடம் இருக்கு. வாங்க."

அவனைக் குறை சொல்ல முடியாது, நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டான். மலையகத்து ஆம்பிளைகளில் பாதிப் பேரைக் கொழும்பு அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறது, தன் வீட்டு கேட்டைத் திறக்கவும் மூடவும். செல்லசாமி "பாப்போம் மாப்ள" என்று சொல்லி போனை வைத்துவிட்டு அம்மாக்கண்ணுவிடம் வெடித்தார். "கைத்தொழில் தெரிஞ்சவன் போய் ஊரான் வூட்டு கேட்டுல நிப்பானா? அதுக்கு என்னைய இங்கேயே பொதச்சிரு புள்ள."

"யாரு ஒங்கள நிக்கச் சொன்னா? ஆனா எதையாவது செய்யணும்ல" என்றாள் அவள்.

அந்த எதையாவதுக்குப் பதில் ஹட்டனில் கிடந்தது. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அலியார் நானாவின் கிட்டங்கிக்குப் பின்னால், கோழிகள் குடியிருந்த ஒரு மொரிஸ் மைனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார். முன் சீட்டில் முட்டை, பின் சீட்டில் குஞ்சு. இன்ஜின் இறுகிப்போய், தரை ஓட்டை விழுந்து, ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். செல்லசாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அலியார் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத வாங்கி என்ன செய்யப் போறீங்க செல்லசாமி? கோழிகள்ட்ட வாடகை வசூலிக்கப் போறீங்களா?"

செல்லசாமிக்கு ஒரு திட்டம் இருந்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மனேஜர் அவருக்குப் பழக்கம். ஸ்டோரைப் பார்க்க டூரிஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் பல தடவை சொல்லியிருக்கிறார், ஏப்ரல் சீசனில் கலியாண ஜோடிகளும் வெள்ளைக்காரர்களும் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று கிடைக்காதா என்று பறக்கிறார்கள் என்று. செல்லசாமி போய்க் கேட்டபோது மனேஜர் மூன்று நிபந்தனை போட்டார். வண்டி மலையேற வேண்டும், நடுவழியில் நின்று மானத்தை வாங்கக் கூடாது, பத்திரமெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் வண்டியும் ஹோட்டலுக்கு, ட்ரைவராக செல்லசாமியும் ஹோட்டலுக்கு. கொழும்பு கேட்டுக்குப் போகாமல் தப்ப அந்த ஒரு வழிதான் அவருக்குத் தெரிந்தது. வேலைக்காலம் முடிந்து கைக்கு வந்த பணத்தை அந்தக் காரில் போட்டார்.

அலியார் நானா நேர்மையான மனிதர். பெயர் மாற்றுவதற்கான பத்திரமெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வாகனப் புத்தகம் தோட்டத்து ஆபீசுக்குத் தபாலில் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் செல்லசாமியின் பெயர், அதற்குக் கீழே லயத்து விலாசம். நான்கு தலைமுறையாக அந்த மலையில் உழைத்த குடும்பத்தில், ஒரு பொருளுக்கு உரிமையாளர் என்று ஒருவன் பெயரை அரசாங்கம் அச்சடித்தது அதுதான் முதல் தடவை. செல்லசாமி அதை அம்மாக்கண்ணுவிடம் காட்டினார். அவளுக்கு வாசிக்க வராது. "எங்க இருக்கு ஒங்க பேரு?" என்று கேட்டு, அவர் தொட்டுக் காட்டிய இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

காரை லொறியில் கொண்டுவந்து பாழடைந்த பிள்ளைக் காம்பராவில் வைத்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இப்போது புதிது கட்டியாகிவிட்டதால் பழையதில் ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. செல்லசாமி அதைக் கழுவி, தகரம் மாற்றி, ரோதமுனிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு வேலையைத் தொடங்கினார். ரோதமுனி ஸ்டோர்ச் சக்கரங்களைக் காக்கும் சாமி. ஸ்டோரே போய்விட்ட பிறகு அந்தச் சாமிக்கும் வேறு வேலை இல்லை என்று லயத்தில் கேலி பேசினார்கள்.

பழைய இன்ஜினைச் சீர்படுத்தலாம் என்று முதலில் நினைத்தார். சாமான் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அந்த இன்ஜின் நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கொழும்பிலிருந்து ஜப்பான் சன்னி கார் இன்ஜின் ஒன்றும், அதற்கேற்ற ஐந்து கியர்ப் பெட்டியும் வரவழைத்தார். கடைக்காரர் கொடுத்த பில், சுங்கப் பத்திரம் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர். ரேடியேட்டருக்கு மின்சார விசிறி. வெளியே பார்த்தால் வெள்ளைக்காரன் கார், உள்ளே எல்லாம் ஜப்பான்காரன். தோட்டத்தில் அதற்கு 'கோட்டுப் போட்ட ஜப்பான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் ஓடியது. அம்மாக்கண்ணுவின் பேர்ச்சம்பளத்தில்தான், அந்த நாட்கூலியில்தான், அடுப்பு எரிந்தது. மழைக்கால மாலைகளில் அவள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே, அவர் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு எது, பதினான்கு எது என்று பார்க்காமலே கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை. "எனக்கு ஒரு சீல வாங்கித் தர வக்கில்ல, இவளுக்கு மூணு கோட்டு பெயின்டு" என்று காரைப் பார்த்து நொடிப்பாள். ஆனால் அந்த பெயின்ட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான், இளம் பச்சை.

வேலையில் ஒரே ஒரு இடம் இடித்தது. ஜப்பான் இன்ஜின் கொஞ்சம் நீளம். இன்ஜின் இருக்கும் பகுதிக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கிறதல்லவா, அதில் போய் முட்டியது. சுவரும் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. செல்லசாமி யோசிக்கவே இல்லை. சுவரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டில் உள்வாங்கினாற்போல் ஒரு சுவர் செய்து வெல்டிங் வைத்தார். பழைய சுவரில் ஒரு சின்னத் தகட்டில் காரின் அடையாளமான சேசி நம்பர் அடித்திருந்தது. பாதி எண்களைத் துரு தின்றுவிட்டது. மற்ற இரும்போடு சேர்த்து அதையும் பழைய இரும்பு வாங்க வந்தவனிடம் போட்டுவிட்டார்.

நம்பர் இல்லாமல் ஒரு மெஷினை விடுவதா? ஸ்டோரில் அது நடக்காத காரியம். அங்கே எந்தப் பாகத்தைப் புதிதாக மாற்றினாலும், ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்து அதே நம்பரைப் புதுப் பாகத்தில் அடித்துவிட வேண்டும். அடிக்காவிட்டால் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் ஏச்சு விழும். அந்த வேலைக்கு செல்லசாமியைவிட்டால் ஆள் கிடையாது. அவர் அடித்தால் எண்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும் என்று மூன்று துரைமார் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோர் மூடியபோது நம்பர் அடிக்கும் உளிப் பெட்டியை டீமேக்கர் அவருக்கே கொடுத்திருந்தார். செல்லசாமி வாகனப் புத்தகத்தை விரித்து வைத்து, சோக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே அடி, இரண்டாவது அடி கிடையாது, புதுச் சுவரில் நம்பரை அடித்தார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெள்ளைக்காரன் அடித்ததைவிட நன்றாக இருந்தது.

இதைத்தான் நினைத்து நினைத்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஊர் கராஜில் வேலை பழகிய எந்தச் சில்லறை மெக்கானிக்கும் சேசி நம்பரில் கை வைக்கமாட்டான். செல்லசாமி ஸ்டோரில் பழகியவர். அங்கே ஒழுங்கு என்று கற்றதை இங்கே ஒழுங்காகச் செய்தார்.

அடுத்த மாசி மாதம் கார் ஓடியது. ரதல்ல குறுக்குப் பாதையின் ஏற்றத்தில் லொறிகளே முனகும். மொரிஸ் மைனர் மூன்றாம் கியரில் தன் பாட்டுக்கு ஏறியது. பின் சீட்டில் அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு பயத்தில் சிரித்தாள். தேயிலை மலையில் நின்ற பெண்கள் கை காட்டினார்கள். ஹோட்டல் மனேஜர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "செல்லசாமி, பத்திரத்த மட்டும் முடிச்சிட்டு வா, ஏப்ரல் முதலாந்தேதி வேலைக்கு வந்துடு" என்றார். இன்ஜின் மாற்றியதை வாகனப் புத்தகத்தில் பதிய வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. திரும்பி வரும்போது செல்லசாமி மருமகனுக்கு போன் எடுத்து, "மாப்ள, அந்த கேட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பதிவுக்காக நுவரெலியா மோட்டார் வாகன ஆபீஸ் முற்றத்தில் காரைப் பார்த்த பரிசோதகர் ஒரு சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. காரைக் கண்டதும் முகம் மலர்ந்து, தன்னுடைய மாமா ஒருவரிடமும் இப்படியொன்று இருந்தது என்று கதை சொன்னார். சுங்கப் பத்திரத்தைப் பார்த்தார், சரி. இன்ஜின் நம்பரைப் பார்த்தார், சரி. பிரேக்கை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டி, "ஹொந்தாய்", நல்லது என்றார். பிறகு டோர்ச் லைட்டை அடித்துச் சேசி நம்பரைப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். லைட்டை அணைக்காமல் இன்னும் குனிந்து பார்த்தார்.

"கவுத மேக்க கெஹுவே?" என்று கேட்டார். இதை யார் அடித்தது என்று.

செல்லசாமி பெருமையோடு நம்பரைப் பார்த்தார். தன் வேலையைப் பாராட்டிப் பரிசோதகர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவருக்கு எண்ணம். பரிசோதகர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். "இது வாங்கிறப்பவே இப்பிடித்தானே இருந்திச்சு?"

அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதற்குப் பிறகும் தொல்லை இருந்திருக்கும், ஆனால் தப்ப வழியும் இருந்திருக்கும். செல்லசாமிக்கோ அது கதவாகவே தெரியவில்லை. அப்படி ஓர் அடியை இன்னொருவன் அடித்ததாக எப்படி விடுவது?

"இல்லீங்க சேர். பழசு துரு புடிச்சு ஒண்ணும் வெளங்கல. நான்தான் புதுசா அடிச்சேன். மம தமய் மாத்தயா. பொஸ்தகத்தப் பாத்து அடிச்சதுங்க, ஒரு நம்பர்கூட பெசகாது."

அவர் சொல்லும்போது பக்கத்து மேசையிலிருந்த வேறு இரண்டு உத்தியோகத்தர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பரிசோதகர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். பழைய தகடு எங்கே என்று கேட்டார். இரும்புக்காரனிடம் போட்டாயிற்று என்றார் செல்லசாமி. "ஐயோ" என்றார் பரிசோதகர். மாலை ஐந்து மணிக்கு மொரிஸ் மைனர் பொலிஸ் முற்றத்தில் நின்றது. செல்லசாமி நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

வழக்குப் பேசப் பிடித்த லோயர் விளக்கியபோதுதான் அவருக்கு விஷயம் ஏறியது. திருட்டுக் காரை நல்ல காராக மாற்றுகிறவன் செய்யும் முதல் வேலை அதுதான், நம்பரை வெட்டிவிட்டுப் புது நம்பர் அடிப்பது. வாகனப் புத்தகத்தில் இருக்கிற காரும் முற்றத்தில் நிற்கிற காரும் ஒன்றுதான் என்பதற்கு அந்தத் துருப்பிடித்த தகடு ஒன்றே சாட்சி. அதுவும் போய்விட்டது. "என் கார நானே திருடுவேனாங்க?" என்று செல்லசாமி கேட்டார். லோயருக்கும் அது புரியாமலில்லை. "சட்டம் அதக் கேக்காதுங்க ஐயா. நம்பரைத்தான் கேக்கும்" என்றார்.

பழைய இரும்பு வாங்கியவனைத் தேடி செல்லசாமி தலவாக்கலைக்குப் போனார். அவன் ஹட்டனுக்கு அனுப்பியதாகச் சொன்னான். ஹட்டனில் கொழும்புக்குப் போய்விட்டது என்றார்கள். கொழும்பில் உருக்கிக் கம்பியாக்கி யார் வீட்டுக் கூரைக்குள் போயிற்றோ. மூன்று கிட்டங்கிகளில் கையைக் கிழித்துக்கொண்டு கிளறினார். கடைசிக் கிட்டங்கியில் அவர்களே பாவப்பட்டு, "ஐயா, போங்க, இங்க கெடைக்காது" என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அலியார் நானா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "நான் விக்கிறப்பவே அந்த நம்பர் அப்படித்தான் இருந்திச்சு எண்டு சொல்றன். எனக்கு எழுபத்தஞ்சு வயசு, என்னைய என்ன செஞ்சிடப் போறாங்க?" என்றார்.

"வேணாம் நானா. கோழி முட்ட போட்ட காருக்கு ஒங்கள ஜெயிலுக்கு அனுப்பினா நான் மனுசனா? அதோட அது என் வேலைன்னு நானே சொல்லிப்புட்டேன்" என்றார் செல்லசாமி. அலியார் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல மனிதனுக்கு இவ்வளவு குறைந்த புத்தியா என்று ஏசினார். அது உண்மைதான் என்று செல்லசாமிக்கும் பட்டது.

கோர்ட்டில் ஒன்றரை வருடம் தேதி தள்ளித் தள்ளி, தவணை மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அவர் காரை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பொலிஸ் முற்றத்தில் கூரை கிடையாது. முதல் மழைக்காலத்தில் கண்ணாடி ரப்பரில் பாசி பிடித்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. இளம் பச்சை பெயின்ட் சக்கர வளைவில் கொப்பளித்திருந்தது. காவலுக்கு இருந்த கொன்ஸ்டபிள் நல்ல பையன், உள்ளே விட்டான், ஆனால் தொடக்கூடாது என்றான். செல்லசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஒரு தரம் அம்மாக்கண்ணுவும் வந்தாள். அதன் பிறகு வரவில்லை. "கார் ஓடுன அன்னைக்கு எடுத்த போட்டோவுல இருக்கிறதே போதும்" என்றாள்.

கடைசித் தவணையன்று லோயர் சொன்னார், வழக்கை இழுத்தால் இன்னும் ஐந்து வருடம் போகும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள், ஜெயில் இல்லை. கார் எப்படியும் கிடைக்காது. செல்லசாமி கூண்டில் ஏறினார். குற்றப்பத்திரிகையைச் சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். "சேசி இலக்கத்தை மோசடியாகப் பொறித்ததாக உம்மீது குற்றம். நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" குற்றமற்றவன் என்றால் சுற்றவாளி.

மோசடி இல்லை, ஸ்டாக் புத்தகம், பெரிய துரை, நூல் பிடித்தாற்போல் எண்கள் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. லோயர் கண்ணைக் காட்டினார்.

"குற்றவாளிங்க" என்றார் செல்லசாமி.

அவர் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலைக்கு அவர் கொடுத்த பெயர் அது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார், சத்தமாகவே அழுதார். அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கார் அரசுடைமையானது. துண்டு போட்டு இரும்பாக விற்றார்கள் என்று ஆறு மாதம் கழித்து லோயர் சொல்லியனுப்பினார். அந்தச் செய்தி வந்தபோது செல்லசாமி தோட்டத்தில் இல்லை, கொழும்பில் இருந்தார்.

மருமகன் முன்பு சொன்ன இடம் போய்விட்டது, இது வேறொரு பிளாட். எட்டு மாடி. நீலச் சட்டை, தோளில் ஒரு பட்டி, கையில் ஒரு விசில். காலையில் நாற்பது வண்டி வெளியே போகும், மாலையில் நாற்பதும் உள்ளே வரும். குனிந்து சலாம் வைக்கத் தேவையில்லை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு லயத்திலேயே இருக்கிறாள், அவள் பேர் பதிவில் இருக்கும் வரைதான் காம்பரா. மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பார். பிள்ளைக் காம்பராப் பக்கம் போவதில்லை.

போன புரட்டாசியில் ஒரு காலை, மூன்றாம் மாடியில் இருக்கும் டாக்டரம்மாவின் கார் கிளம்ப மாட்டேன் என்றது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பத்தடி தூரத்தில் நின்ற செல்லசாமிக்கு அது போதுமாக இருந்தது. பேட்டரி முனையில் கிளிப் தளர்ந்திருக்கிறது. பத்து நம்பர் ஸ்பானர், அரை நிமிட வேலை. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா, நீங்க முந்தி மெக்கானிக் வேலை பார்த்தனீங்களாம், ஆரோ சொல்லிச்சினம். ஒருக்கா இதைப் பாப்பீங்களா? ஆஸ்பத்திரியில ஆக்கள் காத்துக்கொண்டு இருக்கினம்."

செல்லசாமியின் கை தன்னால் ஓர் அடி முன்னால் போனது. பிறகு அவருக்குப் பயம் வந்தது. இதை யார் தொட்டது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்லீங்க மேடம். யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதுங்க."

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கராஜ்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். செல்லசாமி அவனுக்கு கேட்டைத் திறந்துவிட்டார்.